பழைய எம்.ஏ.ஓ.ஐ மாத்திரையா, செலிஜிலின் பட்டையா, மோக்ளோபிமைடா? சாப்பாட்டை வைத்து ஓர் ஒப்பீடு

டிப்ரஷனுக்கு மாத்திரை எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூஆக்சிடின், வென்லாஃபாக்சின், மிர்டாசபின் எடுப்பவர்களுக்கு சீஸ், கருவாடு எதற்கும் தடையில்லை. மதுவைக் குறைக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். "டிப்ரஷன் மாத்திரை சாப்பிட்டால் வாழைப்பழம் கூடாது" என்று வாட்ஸப்பில் சுற்றும் எச்சரிக்கை ஒரே ஒரு மருந்துக் குடும்பத்தைப் பற்றியது, அதுவும் பாதி தவறாக.

அந்தக் குடும்பம் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை முடக்கும் மருந்துகள், சுருக்கமாக எம்.ஏ.ஓ.ஐ. மற்ற மருந்துகள் இரண்டு மூன்று கைவிட்ட பிறகுதான் பொதுவாக இவற்றைப் பற்றிய பேச்சே வரும். உணவுக் கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை இந்தக் குடும்பத்துக்குள் மூன்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. முதலாவது ஃபினெல்சின், டிரானில்சிப்ரோமின், ஐசோகார்பாக்சசிட் ஆகிய பழைய மாத்திரைகள். இரண்டாவது தோலில் ஒட்டும் செலிஜிலின் பட்டை. மூன்றாவது மோக்ளோபிமைடு. மருத்துவர் இவற்றில் ஒன்றைப் பரிந்துரைக்கும்போது சாப்பாட்டு விஷயத்தில் எதற்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்தால் பேச்சு உருப்படியாக நடக்கும்.

எங்கிருந்து வந்தது இந்தத் தடை

1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியசிட் நோயாளிகளின் மனநிலையையும் தூக்கிவிட்டதைப் பார்த்துத்தான் இந்த மருந்துகள் மனநல மருத்துவத்துக்கு வந்தன. சில ஆண்டுகள் கழித்து, இவற்றை எடுத்தவர்களுக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி, சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவு. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஒரு மருந்தாளுநர், தன் மனைவிக்கு சீஸ் சாப்பிட்ட பிறகுதான் அந்தத் தலைவலி வருகிறது என்று கவனித்துக் கடிதம் எழுதினார். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இருந்த பாரி பிளாக்வெல் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1963இல் சீஸுக்கும் இந்த மருந்துகளுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். 1964இல் டிரானில்சிப்ரோமின் அமெரிக்காவில் சில காலம் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டு, கட்டுப்பாடுகளோடு திரும்பியது.

குற்றவாளி டைரமைன். புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தை பாக்டீரியா உடைக்கும்போது உருவாவது. மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. சாதாரணமாக நாம் சாப்பிடும் டைரமைனைக் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஏ வகை நொதி ரத்தத்துக்குப் போகவிடாமல் முடித்துவிடும். அந்தக் காவலை மருந்து எடுத்துவிட்டால் டைரமைன் முழுசாக ரத்தத்தில் ஏறி, நரம்பு நுனிகளில் சேமித்து வைத்திருக்கும் நார்அட்ரினலினை மொத்தமாக வெளியே தள்ளுகிறது. ரத்தக் குழாய்கள் இறுகி, பிரஷர் சில நிமிடங்களில் எகிறும்.

மருந்து எடுக்காதவருக்கு மேல் பிரஷர் 30 புள்ளி ஏற, வெறும் வயிற்றில் சில நூறு மில்லிகிராம் டைரமைன் வேண்டும். பழைய எம்.ஏ.ஓ.ஐ எடுப்பவருக்கு 6 மி.கி.யிலேயே லேசாகத் தெரியலாம், 10 மி.கி. தொந்தரவு கொடுக்கும், 25 மி.கி. ஆபத்தான இடம். இனி வரும் ஒப்பீடு முழுவதும் இந்த இடைவெளியை எந்த மருந்து எவ்வளவு சுருக்குகிறது என்பதில்தான் நிற்கிறது.

பழைய மாத்திரைகள்: கட்டுப்பாடு கடுமை, பட்டியல் சின்னது

ஃபினெல்சின் 15 மி.கி. மாத்திரையாக, நாளொன்றுக்கு 45 முதல் 90 மி.கி. வரை போகும். டிரானில்சிப்ரோமின் 10 மி.கி. மாத்திரை, வழக்கமாக 30 முதல் 60 மி.கி. இரண்டுமே நொதியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்பவை. உடம்பு புது நொதியைச் செய்து முடிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால், மாத்திரையை நிறுத்திய பிறகும் 14 நாள் அதே பத்தியம் தொடர வேண்டும். "நேற்றே நிறுத்திவிட்டேனே, இன்று சாப்பிட்டால் என்ன" என்று நினைக்கும் இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இவற்றின் பேரைக் கெடுத்தது 1960களின் நீண்ட தடைப்பட்டியல். ஒருவருக்கு ஒருமுறை ஏதோ ஆனது என்ற அடிப்படையிலேயே சாக்லேட், காபி, வாழைப்பழம், அவகாடோ, தயிர் எல்லாம் அதில் ஏறின. பின்னர் உணவுகளில் டைரமைனை நேரடியாக அளந்து பார்த்தபோது பட்டியலில் பாதிக்கு மேல் காரணமில்லாமல் இருந்தது தெரிந்தது. பெரிய கடைச் சங்கிலிகளின் பீட்சாவை அளந்த கனடா ஆய்வாளர்கள் அதில் பொருட்படுத்தும் அளவு டைரமைன் இல்லை என்று கண்டார்கள். குழாயிலிருந்து பிடிக்கும் பீரில் சிலவற்றில் லிட்டருக்கு 100 மி.கி.க்கு மேல் இருந்தது, பாட்டில் பீரில் அப்படி இல்லை. இன்று கேட்க வேண்டியது இப்படி அளந்து சுருக்கிய பட்டியலைத்தான். கையில் நீண்ட பட்டியலைக் கொடுத்தால் எந்த ஆண்டில் தயாரித்தது என்று கேளுங்கள். நீண்ட பட்டியல் பாதுகாப்பானது என்பது பொய்க் கணக்கு. ஐம்பது பொருளைத் தடுத்தால், அவற்றில் பத்தைச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாததைப் பார்த்தவர் பதினோராவதாகக் கருவாட்டையும் தொட்டுவிடுவார்.

அச்சிட்ட பட்டியல்கள் எல்லாம் மேற்கத்திய சமையலறையை மனதில் வைத்தவை. நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்க ஒரு விதி போதும்: புரதம், பாக்டீரியா, காலம் மூன்றும் சேர்ந்த இடத்தில் டைரமைன் இருக்கும். ஒன்று குறைந்தாலும் அளவு குறையும்.

இந்த விதிப்படி முதல் எதிரி கருவாடு. நெத்திலி, சூரை, வாளை என்ற வித்தியாசம் இல்லை. மாசிக்கருவாடு, மாசிச் சம்பல், மீன் ஊறுகாய், இறால் ஊறுகாய், மலேசிய வீடுகளின் பெலாச்சான் என்ற இறால் விழுது எல்லாம் இதே கணக்கு. வறுத்தாலோ நன்றாகக் கொதிக்க வைத்தாலோ பாக்டீரியா சாகும், ஏற்கெனவே உருவான டைரமைன் அப்படியே இருக்கும். குளிர்பதனப் பெட்டியும் புதிதாக உருவாவதைத்தான் மெதுவாக்கும், இருப்பதை எடுக்காது.

மாதக்கணக்கில் பதப்படுத்திய செடார், பார்மேசான், நீலப் பூஞ்சை சீஸ் வகைகள், சலாமி, பெப்பரோனி போன்ற காயவைத்துப் புளிக்கவைத்த இறைச்சி, புளித்த முட்டைக்கோஸான சவர்க்ராட், கிம்ச்சி, புளித்த சோயா விழுதான மிசோ, புளித்த டோஃபு ஆகியவையும் விலக்கு. இலங்கைத் தமிழ் வீடுகளிலும் லண்டனிலும் காலை ரொட்டியில் தடவும் மார்மைட் ஈஸ்ட் சாறு. ஒரு தேக்கரண்டியிலேயே சில மி.கி. டைரமைன் இருக்கக்கூடும் என்பதால் விட்டுவிட வேண்டியதுதான். சோயா சாஸ் பிராண்டுக்குப் பிராண்டு பெரிதும் மாறும். சிலவற்றில் ஒரு மேசைக்கரண்டியில் 3 மி.கி.யைத் தாண்டுகிறது, சிலவற்றில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஃப்ரைட் ரைஸ் கடையில் எந்தப் புட்டி, எத்தனை கரண்டி என்று தெரியாது. அதனால் வெளியே வேண்டாம் என்பதே சரியான முடிவு.

சீஸ் வகைகளில் பனீர் பிரச்சினையில்லை, அன்றே திரித்து அழுத்தியது. காட்டேஜ் சீஸ், கிரீம் சீஸ் அப்படியே. புதுத் தயிர், மோர் தாராளமாகச் சாப்பிடலாம். இட்லி மாவு எந்தப் பட்டியலிலும் தடையாக இல்லை. அரிசியும் உளுந்தும் எட்டுப் பத்து மணி நேரம் புளிப்பதை ஆறு மாதம் முதிரும் சீஸோடு ஒப்பிட முடியாது. ஆனால் நான்கு நாள் பெட்டியில் கிடந்து நுரைத்துப் பொங்கிய மாவில் ஊத்தப்பம் வேண்டாம், இரண்டாம் நாளோடு முடித்துக்கொள்ளுங்கள். மாங்காய், எலுமிச்சை ஊறுகாயில் புரதம் மிகக் குறைவு, ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் அளவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

வாழை விஷயம் கொஞ்சம் விளக்க வேண்டியது. பழத்தின் சதை சரி. தோலில்தான் டைரமைனும் டோபமைனும் குவிந்திருக்கின்றன. தோலோடு வேகவைத்த பச்சை வாழைக்காய் சாப்பிட்ட ஒருவருக்குப் பிரஷர் எகிறிய நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் வாழைத்தோலைத் தின்பதில்லை என்பதால் அவர்கள் பட்டியலில் இது ஒரு விநோத வரி. நாமோ வாழைக்காய்த் தோலைத் துவையலாக அரைக்கிறோம், பொரியல் செய்கிறோம். அந்த இரண்டும் கூடாது. தோல் சீவிய வாழைக்காய் வறுவல் கூடும்.

பட்டியல்களில் வரும் பிராட் பீன்ஸ் நம் ஊர் அவரைக்காய் அல்ல. அது ஃபாவா பீன்ஸ் என்ற வேறு செடி, வளைகுடா நாடுகளில் காலையில் தரும் 'ஃபூல்' அதிலிருந்து வருவது. அதன் நெற்றில் உள்ள எல்-டோபா என்ற வேதிப்பொருள் பிரஷரை ஏற்றும். அதே எல்-டோபா நம் பக்கத்தில் ஒளிந்திருப்பது பூனைக்காலி விதையில், எடையில் சில சதவீதம் வரை. ஆண்மைக்கு, நரம்புத் தளர்ச்சிக்கு என்று விற்கும் சூரணங்களிலும் லேகியங்களிலும் அது சேரும். மருத்துவரிடம் யாரும் சொல்லாத பொருள் என்பதால் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மீன் குழம்புதான் ருசி என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. இரவு முழுக்க அடுப்பு மேடையில் சட்டியோடு கிடந்த குழம்பு இந்த மாத்திரை எடுப்பவருக்கு ஆகாது. சமைத்து ஆறியதும் பெட்டிக்குள் போய், அடுத்த நாள் மதியத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். மீன், கோழி, கல்லீரல் எல்லாம் வாங்கிய அன்றே சமையல், இல்லையென்றால் உறைநிலைப் பெட்டி. மின்வெட்டு நீண்ட நாளில் உள்ளே இருந்த அசைவத்தை வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டாலும் இவர் தொடக்கூடாது. கள், வீட்டில் வடித்த மது, குழாய் பீர் விலக்கு. பாட்டில் பீர் ஒன்று அல்லது ஒரு சிறு கிளாஸ் ஒயின் என்ற வரம்பை மருத்துவர் அனுமதிக்கலாம்.

மூன்று மாத்திரைகளுக்கிடையில் சாப்பாட்டுப் பத்தியத்தில் வித்தியாசம் இல்லை, மற்றவற்றில் உண்டு. ஃபினெல்சின் எடை கூட்டும், கால் வீங்கவைக்கும், பாலுறவு ஆர்வத்தைக் குறைக்கும், உடம்பில் பி6 வைட்டமினைத் தீர்க்கும். டிரானில்சிப்ரோமின் சுறுசுறுப்பைத் தரும், தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் காலை, மதியம் இரு வேளையோடு நிறுத்துவார்கள். இரண்டிலுமே படுக்கையிலிருந்து எழும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றுவது அன்றாடத் தொந்தரவு. ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், பெரும்பாலானோர் அன்றாடம் படும் பாடு இறங்குவதுதான்.

செலிஜிலின் பட்டை

செலிஜிலின் பார்க்கின்சனுக்கு மாத்திரையாகக் கொடுக்கும் மருந்து. தோல் வழியாகச் செலுத்தும்போது குடலையும் கல்லீரலையும் முதலில் தொடாமல் நேராக ரத்தத்துக்குப் போகிறது. மூளையில் போதிய அளவு கிடைக்கும், குடலின் காவல் நொதி பெருமளவு பிழைத்துக்கொள்ளும். அமெரிக்க அரசு 2006இல் இதை டிப்ரஷனுக்கு அனுமதித்தது. 24 மணி நேரத்துக்கு 6, 9, 12 மி.கி. என்று மூன்று அளவுகள்.

6 மி.கி. பட்டைக்கு உணவுக் கட்டுப்பாடு கிடையாது. 9, 12 என்று ஏற்றினால் பழைய மாத்திரைகளுக்கு உரிய பத்தியம் அப்படியே வந்துவிடும், 6க்கு இறக்கிய பிறகும் இரண்டு வாரம் தொடரும். ஆக, "பட்டை போட்டால் எதையும் சாப்பிடலாம்" என்பது முதல் படிக்கு மட்டுமான வாக்கு. 6இல் பலன் தெரியாமல் மேலே போக வேண்டி வந்தால் இந்த வழியின் தனிச்சிறப்பு பெரிதும் போய்விடும், அதிகச் செலவு மட்டும் மிஞ்சும். தொடங்கும்போதே மருத்துவரிடம் கேட்க வேண்டியது, ஏற்றும் வாய்ப்பு எவ்வளவு என்பதை.

தினமும் ஒரே நேரத்தில், மேல் உடம்பு, தொடை அல்லது மேல் கையின் வெளிப்பக்கம், காய்ந்த முடியில்லாத தோலில், நேற்று ஒட்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். பட்டையை வெட்டிப் பாதி போடக்கூடாது. ஒட்டிய இடம் சிவந்து அரிப்பது மிகச் சாதாரணம். வெந்நீர்ப் பை, நீராவிக் குளியல் போன்ற சூடு பட்டால் உள்ளே போகும் அளவு கூடும்.

இதே மருந்தை 5 மி.கி. மாத்திரையாக மலிவாக வாங்கி டிப்ரஷனுக்குச் சாப்பிடலாமே என்று யோசிப்பவர்கள் உண்டு. பார்க்கின்சனுக்கான நாளொன்றுக்கு 10 மி.கி. என்ற அளவில் அது பி வகை நொதியை மட்டும் தடுக்கும், டிப்ரஷனுக்குப் பெரும்பாலும் போதாது. அளவை ஏற்றினால் குடல் நொதியும் சேர்ந்து முடங்கும், முழுப் பத்தியமும் தேவைப்படும்.

மோக்ளோபிமைடு

இதுவும் ஏ வகை நொதியைத்தான் தடுக்கிறது, ஆனால் ஒட்டிக்கொள்வதில்லை. டைரமைன் அதிகமாக வந்தால் நொதியிலிருந்து விலகி வழிவிடும். ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். நாளொன்றுக்கு 300 முதல் 600 மி.கி., பிரித்து, சாப்பிட்ட பிறகு. சாப்பாட்டுக்குப் பின் என்பதற்குக் காரணம் உண்டு: உணவோடு வரும் டைரமைனைக் குடல் முடித்த பிறகு மருந்து வந்து சேர்கிறது.

டைரமைன் அதிகமான ஒரு முழுச் சாப்பாட்டிலேயே சுமார் 40 மி.கி.தான் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மோக்ளோபிமைடு எடுப்பவருக்கு அது சாதாரணமாகத் தாங்கும் எல்லைக்குள் வரும். முதிர்ந்த சீஸ், மார்மைட், புளித்த சோயா ஆகியவற்றை ஒரே வேளையில் பெரிய அளவில் வேண்டாம் என்பதோடு பத்தியம் முடிகிறது. தொட்டுக்கொள்ள ஒரு துண்டுக் கருவாடு எடுப்பவரையும் கருவாட்டுக் குழம்பில் அரைக் கிண்ணம் சாப்பிடுபவரையும் இங்கே வேறுபடுத்த வேண்டும்.

இதன் பலவீனம் சாப்பாட்டில் இல்லை, வீரியத்தில். பல மருந்துகள் கைவிட்ட கடுமையான டிப்ரஷனுக்குப் பழைய மாத்திரைகளே மேல் என்று பல மனநல மருத்துவர்கள் கருதுகிறார்கள். இன்னொன்று, அமெரிக்காவில் இது விற்பனைக்கு வரவே இல்லை. கனடாவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கொடுக்கிறார்கள். டொராண்டோவில் இருப்பவருக்கு உள்ள தெரிவு நியூஜெர்சியில் இருக்கும் அவர் அண்ணனுக்கு இல்லை.

எதை யார் எடுக்கலாம்

சமையல் உங்கள் கையில் இல்லையென்றால், அதாவது விடுதி, கூட்டுக்குடும்பம், வாரம் முழுக்க ஓட்டல், அடிக்கடி வெளியூர் வேலை என்றால், பழைய மாத்திரைக்கு முன் மோக்ளோபிமைடையோ 6 மி.கி. பட்டையையோ கேட்டுப் பார்ப்பது நியாயம். வீட்டுச் சமையலே பெரும்பாலும், கருவாடும் சீஸும் எப்போதாவது என்றிருப்பவருக்குப் பழைய மாத்திரையின் பத்தியம் பேச்சில் தோன்றும் அளவுக்குச் சுமையே இல்லை. சைவக் குடும்பத்தில் கிட்டத்தட்ட எதையுமே மாற்ற வேண்டியிருக்காது. சாப்பாட்டுப் பயத்தால் மட்டும் வீரியமான மருந்தைத் தவிர்த்துவிட்டு இன்னும் இரண்டு ஆண்டு படுக்கையில் கிடப்பது மோசமான பேரம் என்பது எங்கள் கருத்து.

அதேசமயம் பழைய மாத்திரையைக் கடைசிக் கட்டத்தில் கொடுத்தால் அதிசயம் நடக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் டிப்ரஷன் சிகிச்சைகளைக் கட்டம் கட்டமாகச் சோதித்த ஸ்டார்-டி ஆய்வில் மூன்று கட்டச் சிகிச்சை பலிக்காதவர்களில் டிரானில்சிப்ரோமின் எடுத்தவர்கள் 6.9 சதவீதமும், வென்லாஃபாக்சினும் மிர்டாசபினும் சேர்த்து எடுத்தவர்கள் 13.7 சதவீதமும் குணமடைந்தார்கள். அந்த ஆய்வில் டிரானில்சிப்ரோமின் அளவு சராசரியாக 37 மி.கி. அளவிலேயே நின்றுவிட்டது என்ற விமர்சனமும் உண்டு. பத்தியம் இல்லாத அந்தக் கூட்டு மருந்தை முயன்று பார்த்தாகிவிட்டதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

சாப்பாட்டை விட மருந்துக் கடை ஆபத்தானது. மூன்று வழிகளுக்கும், 6 மி.கி. பட்டை உட்பட, இதில் சலுகை கிடையாது. நம் ஊர் சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபினைல்எஃப்ரின் இருக்கிறது, அது பிரஷரை ஏற்றும். இருமல் சிரப்பின் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், வலிக்கு டிரமடால், பெத்திடின், மற்ற டிப்ரஷன் மாத்திரைகள் ஆகியவை செரடோனின் நச்சு என்ற உயிராபத்தில் கொண்டுபோய் விடலாம். சாதாரண பாராசிட்டமால் எடுக்கலாம், கூட்டு மாத்திரை வேண்டாம். பல் பிடுங்கப் போனாலும் மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

மாற்றும்போது நாட்கணக்கு முக்கியம். செர்ட்ராலின் போன்றவற்றிலிருந்து எம்.ஏ.ஓ.ஐக்கு வர சுமார் இரண்டு வாரம், ஃபுளூஆக்சிடினிலிருந்து ஐந்து வாரம் இடைவெளி வேண்டும். பழைய மாத்திரையிலிருந்தோ பட்டையிலிருந்தோ வெளியேற 14 நாள், மோக்ளோபிமைடிலிருந்து ஒரு நாள். எதையும் தானாகத் திடீரென நிறுத்தக்கூடாது.

தவறிச் சாப்பிட்டுவிட்டால்

அறிகுறி பெரும்பாலும் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். பின்மண்டையில் துடிக்கும் தலைவலி, கழுத்து விறைப்பு, வியர்வை, படபடப்பு, குமட்டல். மேல் கையில் கட்டும் பிரஷர் கருவி ஒன்று வீட்டில் இருக்கட்டும். மருந்து தொடங்கும் முன் ஒரு வாரம் அளந்து உங்கள் வழக்கமான எண்ணைக் குறித்து வைத்தால் பிறகு ஒப்பிடலாம். ஒன்றும் தோன்றாதபோது பத்து நிமிடத்துக்கொருமுறை அளக்காதீர்கள், பதற்றமே எண்ணை ஏற்றிவிடும்.

அறிகுறிகளோடு 180/120ஐத் தொட்டாலோ, கருவி இல்லாமல் அந்தத் தலைவலி வந்தாலோ தாமதிக்காமல் அவசர ஊர்தி: தமிழ்நாட்டில் 108, கனடாவில் 911, பிரிட்டனில் 999. வந்தவரிடம் மாத்திரையின் பெயர், கடைசியாக எடுத்த நேரம், சாப்பிட்ட பொருள் மூன்றையும் சொல்லுங்கள். முன்பெல்லாம் நிஃபிடிபின் கேப்ஸ்யூலைக் கடித்து நாக்கடியில் வைக்கச் சொல்லிப் பையில் கொடுத்தனுப்புவார்கள். பிரஷர் ஒரேயடியாக விழுந்து மாரடைப்பும் பக்கவாதமும் வந்ததால் அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்கிறார்கள். வீட்டில் பெரியவருக்கு எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரையை எடுத்துப் போடுவதும் கூடாது. குறிப்பாக பீட்டா பிளாக்கர் வகையைத் தனியாகக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம்.